தலைக்கு மூன்றரை சதுர மீட்டர்

மேசை என்று சொன்னாலும் இது ஒரு கதவு.
இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களின் மேல் கிடத்தியிருக்கிறேன்.
சாமர் தீவின் இந்தக் கரையில்
புயல் போன பதினான்காம் நாள்
எழுதுவதற்கு இதுதான் கிடைத்தது.

படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
ஏதேனும் ஒன்றில் மட்டும் குறியிடவும்.
பேனா என்னுடையது, மறக்காமல் திருப்பித் தரவும்.

முதல் கட்டம் கூடாரம்.
வெள்ளைத் துணி, நீல எழுத்து,
நண்பகலில் உள்ளே உட்கார்ந்தால்
அரிசிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி என்கிறாள் லிலிபெத்.
இரவில் காற்று லேசாகத் துணியைத் தட்டினாலும்
அவளுடைய இரண்டு பையன்களும்
செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள்.
எங்கே ஓடுவது என்று கேட்பதில்லை,
நிற்கிறார்கள்.

இரண்டாவது, பள்ளிக்கூடம்.
நான்காம் வகுப்பு பி பிரிவில் ஒன்பது குடும்பம்.
கரும்பலகையில் இன்னும் அந்தப் பின்னக் கணக்கு:
முக்காலில் இருந்து அரை போனால்?
அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.
தலைக்கு மூன்றரை சதுர மீட்டர் என்கிறது கையேடு.
கயிறு பிடித்து அளந்தேன்,
தலைக்கு ஒன்றே கால் வந்தது.
கணக்கில் நான் எப்போதும் மோசம் என்று
அவர்களிடம் சொல்லி வைத்தேன்.
வரும் திங்கட்கிழமை பள்ளி திறக்கிறார்கள்.

மூன்றாவது, மலைமேல் ஒட்டுப்பலகை வரிசை வீடு.
ஒரே நீளக் கொட்டகை, இருபத்து நான்கு கதவு.
பக்கத்து அறையில் இருமினால்
இந்தப் பக்கம் தண்ணீர் எடுத்து நீட்டலாம்.
கடலுக்கு ஒன்பது கிலோமீட்டர்.
மீன்பிடிக்கிறவனுக்கு
ஒன்பது கிலோமீட்டர் என்பது
வேறு தொழில்.

நான்காவது, உறவினர் வீடு.
இடம் கொடுக்கும் குடும்பத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை.
பெர்பெத்துவா இதைத்தான் முதலில் எடுத்தாள்.
பதினோரு நாள் நாத்தனார் வீட்டில் நல்ல சோறு.
பன்னிரண்டாம் நாள்
நாத்தனார் அகப்பையைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.
அவ்வளவுதான் நடந்தது.
சாயங்காலம் என் முன்னால் வந்து நின்று
கட்டத்தை மாற்ற முடியுமா என்றாள்.

ஐந்தாவது, மணிலாவுக்குப் பேருந்துச் சீட்டு.
போவதற்கு மட்டும்.

தியோதுலோ அப்ரெனிக்கா
ஐந்தையும் நிதானமாக வாசித்துவிட்டு
தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் போனார்.
பேனாவையும்.

பேனாவைக் கேட்கத்தான் போனேன்.
அலையிலிருந்து நாற்பது மீட்டருக்குள்
யாரும் எதுவும் கட்டக்கூடாது.
அந்த எல்லையில் மஞ்சள் பலகையை நட்டவளும் நானே.
பலகை அங்கே இல்லை.
பழைய வீட்டின் சிமெண்டுத் தரை மேல்
வளைந்த தகரம், படகின் விலா எலும்புகள்,
யாரோ ஒருவருடைய குளிர்சாதனப் பெட்டியின் முதுகு,
எல்லாம் சேர்ந்து ஒரு அறையாகி நின்றது.
சுவரில் ஓரிடம் மட்டும் நல்ல மரம்.
தட்டினேன்.

"எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கிறது," என்றார்,
"மழை பட்டு அழிந்துவிடக் கூடாதே."
உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன்.
வீடு கட்டத் தடை,
அதன் கீழே ஒரு ஆணி,
ஆணியில் அவர் மகளின் பள்ளிச் சீருடை.

அறிக்கையில் என்ன எழுத?
பலகையைக் காணவில்லை என்று எழுதினேன்.
அது பொய்யில்லை,
நட்ட இடத்தில் காணவில்லைதான்.

வெள்ளிக்கிழமை படிவங்கள் தீர்ந்தன.
பீப்பாய்களை அவற்றின் சொந்தக்காரர் உருட்டிக்கொண்டு போனார்.
கதவை நகராட்சிச் சுவரில் சாய்த்து வைத்தேன்.
கீல் இருந்த இடத்தில் மூன்று ஓட்டை,
கைப்பிடிக்கு மேல்
நான் ஒரு மழைக்காலத்தில் அடித்த பச்சை வண்ணம்.
இரண்டு தெரு தள்ளி, சேற்றில் குப்புறக் கிடந்தது.
சட்டமும் வாசற்படியும் கிடைக்கவில்லை.

தியோதுலோ பேனாவைத் திருப்பித் தர வந்தார்.
கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.
"நல்ல நார்ரா மரம். விலை என்ன?"

விற்பதற்கில்லை என்றேன்.

"அப்படியானால் எங்கே மாட்டப் போகிறீர்கள்?"

என் பெயர் எழுதிய படிவம்
அடியில், மடியாமல், இருந்தது.
பேனாவில் மை இருக்கிறதா என்று
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன்.
இருந்தது.